வாசகர் கேள்வி – பதில்: வீட்டு வளவில் கார் பெயின்ற்

திருகோணமலை வாசகர்களிடமிருந்து கார் பெயின்ற் பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெயின்ற் விசிறும் கன்னைப் பிடிக்கும் கைப்பழக்கம் நாலைந்து தகரத்துண்டில் அடித்துப் பார்த்தால் வந்துவிடும். வீட்டில் செய்யும் வேலை கெட்டுப்போவது அநேகமாக அதற்கு முன்னால், கழுவும்போதும் தேய்க்கும்போதும் காயவிடும்போதும்தான். கடல் மூன்று பக்கம் சூழ்ந்த ஊரில் உப்பும் ஈரலிப்பும் அந்தத் தவறுகளை மன்னிப்பதில்லை.

என் பழைய ஜப்பான் காரின் இடது முன் மட்கார்ட்டில் பெயின்ற் உரிந்து, இரண்டு இடத்தில் கறள் பொட்டுகள் தெரிகின்றன. இதுவரை நான் பெயின்ற் அடித்ததே இல்லை. வீட்டில் செய்யலாமா? எங்கே தொடங்குவது?
— வாசகர், உப்புவெளி

செய்யலாம். பழகுவதற்கு மட்கார்ட் நல்ல இடம். போல்ற்றுகளைக் கழற்றினால் தனியாக வந்துவிடும், அளவும் சிறிது. பொனட்டையும் கூரையையும் முதல் வேலையாக எடுக்காதீர்கள். அவை படுத்திருக்கும் பெரிய பரப்புகள். தூசி அதில்தான் விழும், கண்ணும் அதில்தான் போகும். மட்கார்ட்டைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டு அடித்தால் விளிம்பு, மடிப்பு எல்லாவற்றுக்கும் பெயின்ற் போய்ச் சேரும். காரில் வைத்தபடி அடித்தால் கண்ணாடி, ரயர், கதவு என்று மறைப்பதற்கே அரை நாள் போய்விடும்.

முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசுங்கள். உப்புவெளிப் பக்கம் சில கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பு. வாயில் வைத்து உவர்த்தால் அந்தத் தண்ணீரைக் கழுவவும் வெட் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உரசுதாள்) போடவும் பாவிக்காதீர்கள், குழாய்த் தண்ணீரை எடுங்கள். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் தங்கும் உப்பு, பெயின்றுக்கு அடியில் இருந்துகொண்டு காற்றின் ஈரத்தை உள்ளே இழுக்கும். சில மாதங்களில் மிளகளவு கொப்புளங்கள் எழும்பும்.

கழுவிய பிறகு மெழுகும் எண்ணெயும் போக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். பெயின்ற் கடையில் வக்ஸ் ரிமூவர் என்று கேளுங்கள். நனைத்த சீலையால் ஒரு கை துடைக்க, அது காயும் முன்பே மறு கை உலர்ந்த சீலையால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் திரும்பவும் அதே இடத்தில் படியும். மண்ணெண்ணெயும் பெற்றோலும் இதற்கு வேண்டாம், இரண்டுமே எண்ணெய்ப் பசையை விட்டுப் போகும். இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்யுங்கள். இல்லாவிட்டால் பேப்பர் அந்த எண்ணெயைக் கீறல்களுக்குள் அழுத்திவிடும்.

பிறகு கறள். 80 நம்பர் பேப்பராலோ (நம்பர் ஏற ஏறப் பேப்பர் மென்மையாகும்) கம்பிப் பிரஷ்ஷாலோ தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை எடுங்கள். பொட்டைச் சுற்றி விரலகலம் நல்ல பெயின்றையும் சேர்த்து எடுக்க வேண்டும், கறள் எப்போதும் தெரிவதைவிட அகலமாகவே ஓடியிருக்கும். குழிக்குள் கறுப்பாக மிஞ்சுவதற்குப் பொஸ்போரிக் அமிலம் உள்ள கறள் நீக்கியைப் பூசி, ரின்னில் சொன்னபடி கழுவி, முழுதாக உலர்த்துங்கள். அமிலம் மிச்சமிருந்தால் அதன் மேல் எபொக்சி பிறைமர் (ஈரம் புகாத அடிப்பூச்சு) ஒட்டாது. குத்தூசியால் குத்தினால் ஓட்டை விழுகிறதென்றால் பெயின்ற் வேலையை நிறுத்துங்கள். அது வெல்டிங் வேலை, டிங்கர் பாஸிடம் போக வேண்டியது.

வெறுந்தகரம் தெரிந்த அன்றே பிறைமர் விழ வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஓர் இரவு விட்டாலே மெல்லிய மஞ்சள் படிந்துவிடும். வெறுங்கையாலும் தொடாதீர்கள், வியர்வையும் உப்புத்தான்.

உரிந்த பெயின்றின் விளிம்பை 180, பிறகு 240, பிறகு 320 நம்பரால் தேய்த்துச் சரிவாக இறக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் படி தட்டுப்படக் கூடாது. விரலுக்குத் தட்டுப்படும் படி, கிளியர் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடித்த பிறகு கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியும்.

பிறைமர் இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் 10 முதல் 15 நிமிடம். நன்றாகக் காய்ந்த பிறகு, கறுப்பு ஸ்பிரே கானை அரை மீற்றர் தள்ளிப் பிடித்துப் புள்ளி புள்ளியாக விழும்படி மேலே தூவுங்கள். பிறகு தட்டையான கட்டையில் 600 நம்பர் வெட் பேப்பரைச் சுற்றித் தேயுங்கள். மேடு முதலில் வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு நிற்கும். கறுப்பு முழுதும் போனால் பரப்பு மட்டம். ஓர் இடத்தில் கறுப்பு நிற்கும்போதே பக்கத்தில் தகரம் எட்டிப் பார்த்தால் அங்கே மேலும் தேய்க்காமல் இன்னொரு பூச்சுப் பிறைமர் போடுங்கள். வெறுங்கையால் பேப்பர் பிடித்துத் தேய்த்தால் விரல்கள் தனித்தனி வாய்க்கால் போடும், ஆகவே கட்டை கட்டாயம். வெள்ளி போன்ற மெற்றாலிக் நிறமானால் முடிவில் 800 நம்பருக்குப் போங்கள், 600இன் கீறல் மெற்றாலிக்கில் தெரியக்கூடும்.

கடைசியாக நல்ல தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். எங்காவது விலகி முத்து முத்தாக நின்றால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது.

கதவின் அடிப்பக்கம் கறள் எடுத்து, பில்லர் வைத்து, பெயின்ற் அடித்தேன். ஒரு மாரி போனதும் அதே இடம் பொங்கிவிட்டது. மலிவான பில்லர் வாங்கியதுதான் காரணமா?
— வாசகர், கிண்ணியா

பில்லர் என்பது பள்ளம் நிரப்பும் பசை. அதன் விலையைவிட அதைத் தேய்த்த விதத்தில்தான் எங்களுக்குச் சந்தேகம். பொலியெஸ்ரர் பில்லர் தண்ணீரைக் குடிக்கும். அதை ஒருபோதும் வெட் பேப்பரால் தேய்க்கக் கூடாது. ஈரமாகத் தேய்த்தால் தூசி பறக்காது, பேப்பரும் அடைக்காது என்பதால் பலர் அப்படிச் செய்கிறார்கள். குடித்த தண்ணீர் தகரம்வரை இறங்கும், மேலே பெயின்ற் மூடியதும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே கறளைத் தொடங்கும். பில்லரை 80, 180, 240 என்று உலர் பேப்பரால் மட்டும் தேயுங்கள். தண்ணீர் வேலை பிறைமர் மூடிய பிறகுதான்.

அடுத்த சந்தேகம் கதவின் உள்பக்கம். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழை அதனால்தான் வெளியேற வேண்டும். நம் பக்கத்து மணலும் தூசியும் அதை அடைத்துவிட்டால் கதவுக்குள் தண்ணீர் நிற்கும், கறள் உள்ளிருந்து வெளியே வரும். வெளிப்பக்கம் எத்தனை பூச்சு அடித்தாலும் அது நிற்காது. ஓட்டைகளைக் குச்சியால் திறந்து, உள்ளே கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, உள்மடிப்பில் கறள் தடுப்பு மெழுகைப் பீய்ச்சுங்கள். இதைப் பெயின்ற் முடிந்த பிறகு செய்ய வேண்டும். முன்பே செய்தால் மெழுகு வெளியே கசிந்து பெயின்றைக் கெடுக்கும்.

பில்லர் கலக்கும் அளவும் முக்கியம். 100 கிராமுக்கு, இறுகவைக்கும் ஹார்ட்னர் சுமார் 2 கிராம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடப் போட்டால், மிஞ்சிய ஹார்ட்னர் மேலே ஏறி வெள்ளை நிறத்தில் மஞ்சள் கறையாகத் தெரியும். குறைத்தால் உள்ளே இறுகாமலே கிடக்கும். நம் வெக்கையில் நாலைந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும், அதனால் ஒரு தடவைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். தேய்த்து முடிந்த பிறகு மிஞ்சும் கனம் 3 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறதென்றால் தகரத்தைத் தட்டி எடுக்காமல் பில்லரால் நிரப்பியிருக்கிறீர்கள்.

சாதாரணப் பிறைமரோடு காரை வாரக்கணக்கில் ஓட விட்டிருந்தீர்களா? அதுவும் காரணமாகலாம். அந்தப் பிறைமர் நுண்துளைகள் உள்ளது, கடற்காற்றின் உப்பீரம் அதற்குள் இறங்கும். கலருக்கு நாளாகும் என்றால் எபொக்சி பிறைமர் போட்டுவிடுங்கள்.

என்னிடம் 25 லீற்றர் ராங்க் உள்ள சிறிய கம்பிறசர் இருக்கிறது. அதில் கதவு அடிக்கலாமா, அல்லது ஸ்பிரே கான் வாங்குவது நல்லதா? எவ்வளவு பெயின்ற் வேண்டும்?
— வாசகர், பாலையூற்று

அந்தக் கம்பிறசரில் ராங்க் பிரச்சினையில்லை, அது தரும் காற்றின் அளவுதான் போதாது. முழு அளவு கன் ஒன்று நிமிடத்துக்கு 8 முதல் 12 கனஅடி காற்று கேட்கும். இந்த அளவுக் கம்பிறசர் உண்மையில் தருவது 3 முதல் 5 கனஅடி. கதவின் நடுவில் வரும்போது அழுத்தம் விழும், பெயின்ற் பொடியாக உடையாமல் துளித் துளியாக விழும், அந்த இடம் தோடம்பழத் தோல் மாதிரி ஆகிவிடும். அதோடு மோட்டார் நிற்காமல் ஓடிச் சூடாகி, காற்றோடு தண்ணீரையும் தள்ளும்.

இரண்டு வழி இருக்கிறது. 0.8 அல்லது 1.0 மில்லிமீற்றர் நொசில் உள்ள சின்னக் கன்னை வாங்கலாம், மட்கார்ட்டுக்கும் கதவின் பாதிக்கும் அது போதும். அல்லது குறைந்த காற்றில் வேலை செய்யும் எல்விஎல்பி கன்னைத் தேடி வாங்குங்கள். எதுவானாலும் ஒரு வரிசை அடித்து, அழுத்தம் ஏறும்வரை நின்று, அடுத்த வரிசைக்குப் போங்கள். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியைக் கம்பிறசரின் வாயில் பூட்டுவதால் பெரிய பலனில்லை. அங்கே காற்று சூடு, தண்ணீர் ஆவியாகவே தாண்டிப்போகும். ஐந்தாறு மீற்றர் குழாய்க்குப் பிறகு, காற்று ஆறிய இடத்தில் பூட்டுங்கள். தொடங்கும் முன் ராங்க்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். மாரி காலத்தில் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

முழு அளவு கன்னில் நொசில் பிறைமருக்கு 1.6 முதல் 1.8, கலருக்கு 1.3, கிளியருக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீற்றர். எச்விஎல்பி (கூடிய காற்று, குறைந்த அழுத்தம்) கன்னென்றால் ட்ரிகரை அழுத்தியபடி, காற்று கன்னுக்குள் நுழையும் இடத்தில் 26 முதல் 29 பிஎஸ்ஐ, பழைய வகை என்றால் 40 முதல் 50. அடிப்பதற்கு முன் சுவரில் ஒட்டிய அட்டையில் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். நீள்வட்டமாக, எல்லா இடமும் ஒரே கனமாக விழ வேண்டும். நடுவில் கனத்தால் பெயின்ற் தடிப்பு அல்லது காற்றுக் குறைவு. இரண்டு நுனியும் கனத்து நடு வெளுத்தால் காற்று கூடிவிட்டது.

கன் பரப்பிலிருந்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரத்தில் நிற்க வேண்டும், ஸ்பிரே கான் என்றால் 20 முதல் 25. மணிக்கட்டை வளைத்து வீசாமல் தோளிலிருந்து கையை நகர்த்துங்கள். வளைத்தால் நடுவில் கனமும் ஓரத்தில் தூவலும்தான் கிடைக்கும். பரப்பு தொடங்குவதற்கு ஒரு சாண் முன்பே ட்ரிகரை அழுத்தி, முடிந்து ஒரு சாண் தாண்டிய பிறகு விடுங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தியதில் பாதியையாவது மூட வேண்டும். விளிம்பையும் கைப்பிடிக் குழியையும் முதலில் அடித்துவிட்டுப் பரந்த இடத்துக்கு வாருங்கள்.

அளவு: கதவொன்றின் வெளிப்பக்கத்துக்குக் கலக்கிய நிலையில் கலர் 300 முதல் 400 மில்லிலீற்றர், கிளியர் சுமார் 300. மட்கார்ட்டுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. 400 மில்லிலீற்றர் ஸ்பிரே கானில் என்றால் மட்கார்ட்டுக்குப் பிறைமர் ஒன்று, கலர் இரண்டு, கிளியர் ஒன்று அல்லது இரண்டு. கதவுக்குப் பிறைமர் இரண்டு, கலர் மூன்று, கிளியர் இரண்டு. நடுவில் முடிந்துபோய்க் கடைக்கு ஓடுவதைவிட ஒன்று மிஞ்சுவது மேல். கானை உள்ளே மணி குலுங்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும், அவசரத்தில் இதைத்தான் எல்லாரும் சுருக்கிவிடுகிறார்கள்.

முதல் தடவை செய்பவருக்கு எங்கள் சிபாரிசு, சிறு துண்டுகளுக்கு ஸ்பிரே கான், கதவென்றால் கன். ஆனால் பெற்றோல் மூடிக்குப் பக்கத்தில் சாதாரண ஸ்பிரே கான் கிளியர் வேண்டாம். பெற்றோல் சிந்தினால் இளகிப்போகும்.

டிசம்பரில் மழை விட்ட ஒரு பின்னேரம் கறுப்பு அடித்தேன். காயக் காய வெண்புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. பெயின்ற் கெட்டதா?
— வாசகி, மூதூர்

பெயின்ற் நல்லது, நேரம்தான் பிழை. தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கும். காற்றில் ஈரலிப்பு நிறைய இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனி படியும். அந்த ஈரம் ஈரப் பெயின்றுக்குள் அகப்பட்டுப் பால் நிறமாகும். தின்னர் ஆவியாவதாலேயே காயும் லக்கர் வகைகளில் (என்சி எனப்படும் நைட்ரோசெலுலோஸ், அக்ரிலிக்) இது அடிக்கடி நடக்கும். வேகமாகக் காயும் மலிவுத் தின்னர் இதை இன்னும் மோசமாக்கும்.

இலேசாகப் படிந்திருந்தால் மறுநாள் வெயில் ஏறிய பிறகு, மெதுவாகக் காயும் தின்னரை (கடையில் ரிட்டாடர் என்றால் தருவார்கள்) மெல்லியதாகத் தூவுங்கள். மேற்பரப்பு மீண்டும் இளகி ஈரத்தை வெளியே விடும், கறுப்பு திரும்பிவிடும். ஹார்ட்னர் கலந்த 2கே கிளியரில் மங்கினால் இந்த வழி உதவாது. அங்கே ஈரம் ஹார்ட்னரோடேயே சேர்ந்து குமிழ் கட்டிவிடும், இறுகவிட்டுத் தேய்த்து மறுபடி அடிப்பதுதான் வழி.

ஈரலிப்பு 85 வீதத்துக்கு மேல் என்றால் அன்று அடிக்க வேண்டாம். திருகோணமலையில் இந்த வேலைக்குப் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று உலர்ந்ததுதான், ஆனால் மண்ணை அள்ளி வரும், பெயின்ற் பரப்பில் விழும் முன்பே பொடியாகக் காயும். அந்தக் காலத்தில் நாலு பக்கமும் பொலித்தீன் கட்டி, தரையை நனைத்து, மெதுவான தின்னரால் அடியுங்கள். நாளில் எந்த நேரம் என்றால், காலைப் பனி காய்ந்து, கடற்காற்று எழும்புவதற்கு முன், ஒன்பது பத்து மணி வாக்கில். பின்னேரம் பூச்சிகள் வெளிச்சத்துக்கு வந்து கிளியரில் ஒட்டிக்கொள்ளும். நேர் வெயிலில் நின்ற தகரத்திலும் அடிக்காதீர்கள். கை வைக்க முடியாத சூட்டில் மேல்தோல் உடனே காய்ந்து, உள்ளே இருக்கும் தின்னர் அதைக் குத்திக்கொண்டு வெளியேறும். ஊசித்துளை மாதிரிப் பொட்டுகள் வருவது அதனால்தான்.

கலர் அடித்தவுடன் சின்னச் சின்ன வட்டங்களாக விலகி, நடுவில் பிறைமர் தெரிகிறது. இன்னும் கனமாக அடித்து மூடலாமா?
— வாசகர், நிலாவெளி

மூட முடியாது, குழி பெரிதாகும். அது எண்ணெய், பெரும்பாலும் சிலிக்கோன். ரயரும் டாஷ்போர்ட்டும் மினுங்கப் போடும் திரவங்கள், பொலிஷ் வகைகள் பலவற்றில் சிலிக்கோன் இருக்கும். வளவின் ஒரு மூலையில் யாராவது அதை விசிறினாலே போதும். கம்பிறசரிலிருந்து வரும் எண்ணெய், தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் கையில் பட்டது, பக்கத்துக் குசினியில் பொரிக்கும் புகை, எல்லாமே இதைச் செய்யும்.

உடனே நிறுத்துங்கள். காயவிட்டு, குழி போகும்வரை தேய்த்து, வக்ஸ் ரிமூவரால் இரண்டு தடவை துடையுங்கள். சீலையைப் புதிதாக எடுங்கள், பழையதில் என்ன பட்டிருக்கிறது என்று தெரியாது. பிறகு முதல் பூச்சைத் தூவலாக, கிட்டத்தட்ட உலர்ந்து விழும்படி அடித்துக் காயவிட்டு, அதற்கு மேல்தான் ஈரப் பூச்சு. மறுபடியும் வந்தால் கன்னில் பெயின்ற் இல்லாமல் வெறும் காற்றை வெள்ளைப் பேப்பரில் ஒரு நிமிடம் ஊதிப் பாருங்கள். பேப்பரில் பொட்டு விழுந்தால் குற்றம் கம்பிறசரில்.

அடித்த இடம் குழி விழாமல், துணி கசங்கிய மாதிரிச் சுருங்கினால் அது வேறு காரணம். பழைய பெயின்றை புதிய தின்னர் தூக்குகிறது. தொடங்கும் முன்பே மறைவான இடத்தில் தின்னர் நனைத்த சீலையை ஒரு நிமிடம் வைத்தால் தெரிந்துவிடும். கலர் சீலையில் கரைந்து வந்தால் பழையது லக்கர். சுருங்கினால் எனாமல், அதை முழுதாக எடுக்காமல் மேலே லக்கர் அடிக்கக் கூடாது. ஒன்றும் நடக்காவிட்டால் நன்றாக இறுகிய பெயின்ற், பயமில்லை.

கராஜில் அடிப்பது போல் 2கே கிளியர் வீட்டில் அடிக்க ஆசை. கொரோனா காலத்து மாஸ்க் இருக்கிறது, போதுமா?
— வாசகர், தம்பலகாமம்

போதாது. இதில் நாங்கள் கண்டிப்பாகவே சொல்கிறோம். 2கே வகைகளின் ஹார்ட்னரில் ஐசோசயனேற் என்ற இரசாயனம் இருக்கிறது. அது மூச்சுக்குழாயை ஒவ்வாமைக்குப் பழக்கிவிடும். ஒரு தடவை அப்படி ஆகிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் ஆஸ்துமா போல் இழுக்கும். மணம் வருவதை வைத்து அதன் ஆபத்தை அளக்க முடியாது. துணி மாஸ்க்கும் என்95 மாஸ்க்கும் ஆவியைத் தடுப்பதில்லை. கரி வடிகட்டி பூட்டிய மாஸ்க்கும் இதற்கு நம்பிக்கையான காவல் இல்லை, ஏனென்றால் வடிகட்டி நிரம்பியதை மூக்கு சொல்லாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயால் முகமூடிக்குள் தரும் கருவியே சரி. அதுவும் மூச்சுக்கென்று வடிகட்டிய காற்றாக இருக்க வேண்டும், பெயின்ற் கம்பிறசரின் காற்றை அப்படியே இழுக்கக் கூடாது. அடியில் பொத்தானை அழுத்திக் கலக்கும் 2கே ஸ்பிரே கானுக்கும் இதே விதிதான்.

அந்தக் கருவி இல்லாதவருக்கு நாங்கள் சொல்லும் வழி: கழற்றுதல், கறள் எடுத்தல், பில்லர், 2கே அல்லாத பிறைமர், மட்டம் பார்த்துத் தேய்த்தல் எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். கலரையும் கிளியரையும் மட்டும் கராஜில் அடிப்பியுங்கள். வேலையில் பெரும்பங்கு நேரம் தேய்ப்பில்தான் போகிறது, அதை நீங்கள் செய்தால் கூலியும் குறையும், மட்டமும் உங்கள் மனம்போல் இருக்கும். எந்தப் பிறைமர் போட்டீர்கள் என்பதைப் பெயின்ற் பாஸிடம் மறக்காமல் சொல்லுங்கள், தன் பெயின்ற் அதன் மேல் நிற்குமா என்று அவர் பார்க்க வேண்டும்.

1கே (ஹார்ட்னர் கலக்காதவை), லக்கர் வகைகளுக்கு ஏ2 வகைக் கரி வடிகட்டியும் அதன் முன் துகள் வடிகட்டியும் உள்ள அரை முகமூடி வேண்டும். தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு பொருந்தாது. நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். தின்னர் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு ஊர்ந்து போகும். கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச், எல்லாமே அதைப் பற்றவைக்கக் கூடியவை. அறைக்குள் அடிக்காதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அன்றிரவு இருமலோ நெஞ்சிறுக்கமோ வந்தால் மருத்துவமனைக்குப் போகும்போது ரின்னையோ அதன் லேபலின் படத்தையோ கொண்டு போங்கள்.

நம்பர் சொல்லித்தான் வெள்ளி நிறம் கலந்து வாங்கினேன். ஆனாலும் மட்கார்ட் ஒரு நிறம், கதவு ஒரு நிறம். கடைக்காரர் ஏமாற்றினாரா?
— வாசகர், சீனன்குடா

அப்படி முடிவுகட்ட வேண்டாம். ரொயோட்டாவில் நிற இலக்கம், பொனட்டுக்குள் இருக்கும் தகட்டிலோ சாரதிக் கதவுத் தூணிலோ ‘சி/டிஆர்’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும். 040 என்றால் சாதாரண வெள்ளை, 1எஃப்7 என்றால் வெள்ளி மெற்றாலிக், 070 என்றால் மூன்று அடுக்கில் அடிக்கும் முத்து வெள்ளை. முதல் தடவை செய்பவர் 040 காரோடு தொடங்கினால் அதிர்ஷ்டசாலி, 070 என்றால் தொடவே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

இலக்கம் சரியாக இருந்தாலும் வெயில் தின்ற கார் தொழிற்சாலை நிறத்தில் இருக்காது. வெள்ளியில் இன்னொரு சிக்கல், அலுமினியத் துகள் எப்படிப் படுக்கிறது என்பதில்தான் நிறமே இருக்கிறது. ஈரமாக அடித்தால் துகள் உள்ளே அமிழ்ந்து கருமையாகும். உலர்வாகத் தூவினால் மேலே கிடந்து வெளிறும். ஒரே ரின்னிலிருந்து இரண்டு நிறம் வருவது இப்படித்தான்.

அடிக்கும் முன் சின்னத் தகரத்துண்டுகள் மூன்றில் வெவ்வேறு கனத்தில் அடித்து, கிளியரும் போட்டுக் காயவிடுங்கள். வெளிச்சத்தில், காரின் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து, நேராகவும் சாய்வாகவும் பாருங்கள். கிளியர் இல்லாமல் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கிளியர் விழுந்ததும் நிறம் ஆழமாகும். கடைசிப் பூச்சை 25 முதல் 30 சென்ரிமீற்றர் தள்ளி, காற்றைக் குறைத்து, எல்லா இடமும் ஒரேயளவாகத் தூவினால் மேகம் மேகமாகத் திட்டு விழாது. அப்படியும் பொருந்தாவிட்டால் பாஸ்மார் செய்வது, கலரைப் பக்கத்துக் கதவின் முன்பகுதிக்கும் படிப்படியாக மங்கவிட்டு, கதவு முழுவதற்கும் கிளியர் அடிப்பது. வெள்ளிக் காருக்கு இதுதான் முறையான வழி.

பம்பரில் அடித்த பெயின்ற் தாள் மாதிரி உரிந்து வருகிறதே?
— வாசகர், உவர்மலை

பம்பரின் உள்பக்கத்தில் அநேகமாக ‘பிபி’ என்று பொறித்திருக்கும், பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக். அதில் பெயின்ற் தானாக ஒட்டாது. சவர்க்காரத்தால் கழுவி, வக்ஸ் ரிமூவரால் துடைத்து, சாம்பல் நிற உரசுபஞ்சால் மங்கலாக்கி, பிளாஸ்ரிக் பிறைமரை மெல்லியதாக ஒரே பூச்சு அடியுங்கள். கனமாக அடித்தால் அதுவே உரியும். ரின்னில் சொன்ன நேரத்துக்குள் அடுத்த பூச்சு விழ வேண்டும். வெடிப்பை நிரப்பத் தகரத்துக்கான பில்லர் வேண்டாம், பம்பர் வளையும்போது அது உடையும். பிளாஸ்ரிக் பில்லர் தனியாக இருக்கிறது.

கிளியர் ஓர் இடத்தில் வழிந்து கண்ணீர் மாதிரி நிற்கிறது. மற்ற இடமும் வழவழப்பாக இல்லை. துடைத்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டுமா?
— வாசகர், அன்புவழிபுரம்

ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். முழுதாக இறுகவிடுங்கள். 2கே என்றால் நம் வெக்கையில் இரண்டு நாள், லக்கர் என்றால் ஒரு வாரமாவது. பிறகு தீப்பெட்டியளவு கட்டையில் 1000 நம்பர் வெட் பேப்பரைச் சுற்றி, வழிந்த மேட்டை மட்டும் தேயுங்கள். சுற்றிவர மாஸ்கிங் ரேப் ஒட்டினால் நல்ல இடம் தப்பும். மேடு மட்டமானதும் ரேப்பை எடுத்துவிட்டு 1500, பிறகு 2000, பிறகு கொம்பவுண்ட் (மினுக்கும் பசை). தோடம்பழத் தோலுக்கும் 1500இலிருந்து இதே வழிதான்.

இரண்டு பூச்சுக் கிளியர் சுமார் 50 மைக்ரோன் கனம்தான், தலைமயிரின் கனத்தைவிட மெல்லியது. சும்மா தேய்த்துக்கொண்டே போக அதில் இடமில்லை. விளிம்பிலும் மடிப்பிலும் கிளியர் இன்னும் மெல்லியதாக இருக்கும், அங்கே பேப்பரே போடாதீர்கள். தேய்க்கும் தண்ணீரில் கலர் கலந்து வந்தால் கிளியர் போய்விட்டது, அந்தத் துண்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான். வழிவதற்குக் காரணம் கிட்டப் பிடித்ததோ, கை மெதுவாகப் போனதோ, தின்னர் கூடியதோ, முந்திய பூச்சு காயும் முன் அடுத்ததை அடித்ததோதான். காய்ந்ததா என்று பார்க்க, பக்கத்தில் மறைப்புப் பேப்பரில் விழுந்த பெயின்றைத் தொடுங்கள். விரலில் நூல் இழுத்தால் பொறுங்கள்.

ஒரு மாதம் மெழுகு பூச வேண்டாம், உள்ளே இருக்கும் தின்னர் வெளியேறட்டும். ஆனால் கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காக்கை எச்சத்தையும் காயவிடாதீர்கள், புதிய கிளியரில் அது தடம் போட்டுவிடும்.

மிஞ்சிய தின்னரை என்ன செய்வது? காரின் நிறத்தையே மாற்றினால் பதிய வேண்டுமா?
— வாசகர், செல்வநாயகபுரம்

வளவில் ஊற்றாதீர்கள். நம்முடையது மணற்தரை, ஊற்றியது கிணற்றுக்கு வரும். கன் கழுவிய தின்னரை மூடியுள்ள ரின்னில் விட்டு வையுங்கள். சில நாளில் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த தடவை கன் கழுவப் பாவிக்கலாம், பெயின்றில் கலக்க மட்டும் வேண்டாம். ஹார்ட்னர் கலந்து மிஞ்சியதை மூடிய ரின்னில் அடைக்கக் கூடாது. வெளியில், பிள்ளைகள் தொடாத இடத்தில், திறந்தபடி இறுகவிட்டு எறியுங்கள்.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் நிறமும் எழுதப்பட்டிருக்கிறது. அதே நிறத்தைத் திரும்ப அடிப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வேறு நிறத்துக்கு மாற்றுவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும், பெயின்ற் வாங்கும் முன்பே அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.